ரைஸ்மில்லுக்கு ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச்: மூன்றில் எதை எடுத்தேன், ஏன்

மன்னார்குடிப் பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ்மில். ஆபீஸில் நாலு கணினி, எடைமேடையில் ஒன்று, பதினாறு கேமரா, ஒரு ரெக்கார்டர். இவ்வளவுதான் நெட்வொர்க். சம்பா அறுவடையாகி நெல் லாரி வரிசை கட்டும் தை, மாசியில்தான் போன் வரும்: "சாயங்காலமானா டிரையர் பக்கத்துக் கேமரா உறைஞ்சு நின்னுடுது தம்பி. எடைச்சீட்டும் அடிக்க மாட்டேங்குது." நான் இருப்பது கும்பகோணத்தில். வலங்கைமான் வழியாகப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம். போய் நின்றால் எல்லாம் ஒழுங்காக ஓடும். "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்பார் மேனேஜர், நான் வந்து தொட்டதும் சரியாகிவிட்ட மாதிரி.

அங்கே இவற்றையெல்லாம் இணைத்திருந்தது சாதாரண ஸ்விட்ச். விளக்கு மினுக்கும், வேறொன்றும் சொல்லாது. உள்ளே நடப்பதைப் பார்க்கவும் அமைப்பை மாற்றவும் விடும் மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று வேண்டும் என்று முடிவானது. மூன்றைப் பரிசீலித்தேன்: டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108இ, ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, மைக்ரோடிக் சிஆர்எஸ்326.

விலான் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது), போர்ட் மிரரிங், அமைப்பை மாற்ற வெப் பக்கம் எல்லாம் மூன்றிலும் ஏதோ ஒரு விதத்தில் உண்டு. அதில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. கடைக்காரர்கள் முதலில் சொல்வது மிரரிங்கைத்தான்: ஒரு போர்ட்டில் போவதை நகலெடுத்து இன்னொரு போர்ட்டில் கொடுக்கும், லேப்டாப்பைச் செருகி வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பார்க்கலாம். நானும் அதை நம்பித்தான் முதலில் எஸ்ஜி108இ வாங்கினேன். எட்டு போர்ட், இரும்புப் பெட்டி, விலை கையைக் கடிக்காது.

ஒரு சாயங்காலம் மில்லிலேயே உட்கார்ந்து பிடித்தேன். வயர்ஷார்க்கில் கண்டதெல்லாம் ரீட்ரான்ஸ்மிஷன் (போய்ச்சேராததை மறுபடி அனுப்புவது), மேலும் ரீட்ரான்ஸ்மிஷன். பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, தொலைகிறது என்பது தெரிந்தது. எங்கே, எதனால் என்பது தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது. வழியில் சிதைந்துபோன ஃப்ரேமை (வயரில் பாக்கெட்டைச் சுமக்கும் உறை) ஸ்விட்ச் உள்ளே வரும்போதே குப்பையில் போட்டுவிடும். குப்பைக்குப் போனது மிரர் போர்ட்டுக்கு வராது. வயர்ஷார்க்கில் நான் பார்த்தது பிழைத்து வந்தவற்றை மட்டும். செத்தவற்றுக்கு இருக்கும் ஒரே சாட்சி, அந்தந்த போர்ட்டின் பிழைக் கணக்கு.

எஸ்ஜி108இ அந்தக் கணக்கையும் காட்டும், கெட்ட பாக்கெட் இத்தனை என்று. ஆனால் மொத்தத் தொகை மட்டும். எப்போது ஏறியது என்று சொல்லாது. எஸ்என்எம்பி இல்லாததால் வேறொரு கணினி அதைக் கேட்டு வாங்கி எழுதி வைக்கவும் வழியில்லை. யாராவது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்ய வேண்டும். நெல் வண்டி நிற்கும் நேரத்தில் அதற்கு யார் உட்காருவார்? ஒன்று சொல்லவேண்டும்: இந்தச் சின்னப் பெட்டியில் கேபிள் டெஸ்ட் இருக்கிறது. எந்த வயர் எத்தனை மீட்டரில் அறுந்தது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடும். அதற்காகவே இன்னும் என் பையில் வைத்திருக்கிறேன்.

கேட்டலிஸ்ட்டில் கணக்குக்குக் குறைவே இல்லை. எஸ்என்எம்பி உண்டு, லாக் நேரத்தோடு எழுதும், ஒரே மேக் முகவரி (ஒரு கருவியின் அடையாள எண்) இரண்டு போர்ட்டில் மாறி மாறித் தெரிந்தால் சொல்லிவிடும். வயர் சுற்றிவந்து அதே நெட்வொர்க்கில் சேரும் லூப்பைக் கண்டுபிடிக்க இதுபோல உதவுவது குறைவு. ஆனால் 24 போர்ட் மாடல்களில் பெரும்பாலும் விசிறி. ரைஸ்மில்லில் தவிட்டுத் தூசி எங்கே போகாது என்று சொல்லுங்கள், பார்ப்போம்? விசிறி அதை இழுத்து உள்ளே சேர்க்கும். பழைய மாடலுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் இனி வராது. நான் இதை ஒரே இடத்தில், சில மாதம்தான் கையாண்டேன், அதுவும் ஏசி அறையில். அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை.

எடுத்தது சிஆர்எஸ்326. விசிறி கிடையாது. 10 முதல் 30 வோல்ட் வரை டிசி ஏற்கும் என்பதால் 12 வோல்ட் பேட்டரியில் நேராக ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு இந்தப் பக்கம் கரன்ட்டை யார் நம்புகிறார்கள்? 24 கிகாபிட் போர்ட், ஃபைபருக்கு இரண்டு எஸ்எஃப்பி பிளஸ்.

எஸ்என்எம்பியை இயக்கி, ஆபீஸில் மூலையில் கிடந்த பழைய கணினியில் லிப்ரேஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க விட்டேன். ட்ராஃபிக்குக்கு 64 பிட் கவுன்ட்டரையே கேளுங்கள். கிகாபிட் வேகம் முழுதாக ஓடினால் 32 பிட் கவுன்ட்டர் சுமார் 34 விநாடியில் சுற்றிவந்து பூஜ்யமாகிவிடும், வரைபடம் பொய் சொல்லும். இந்தப் பெட்டிக்கு இரண்டு இயங்குதளம் உண்டு, ஸ்விட்ச்ஓஎஸ், ரவுட்டர்ஓஎஸ். ஸ்விட்ச்ஓஎஸ்ஸில் ஓட்டினால் எஸ்என்எம்பியின் முதல் பதிப்புதான். அதில் 64 பிட் கவுன்ட்டர் வராது. அதனால் ரவுட்டர்ஓஎஸ்.

இரண்டாம் நாளே விஷயம் வெளிவந்தது. டிரையர் கட்டடத்துக்குப் போகும் போர்ட்டில் மட்டும் எஃப்சிஎஸ் பிழை, அதாவது சிதைந்து வந்த ஃப்ரேம். பகலெல்லாம் தட்டையான கோடு, ஆறு மணிவாக்கில் செங்குத்தாக ஏற்றம். பகலில் அவித்த நெல் அப்போதுதான் டிரையருக்கு ஏறும், புளோயர் மோட்டார் ஓடத் தொடங்கும். போய்ப் பார்த்தால், அந்த மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவிலிருந்து வரும் பவர் கேபிளோடு நம் வயரையும் ஒரே தட்டில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதன் மின் இரைச்சல்தான் ஃப்ரேமைச் சிதைத்தது. எடைமேடைக்கும் அந்தக் கட்டடத்திலிருந்துதான் வயர் என்பதால் சீட்டும் சேர்ந்து நின்றது. மின் இரைச்சல் ஏறாத, ஒளியில் ஓடும் ஃபைபர் இழுத்தோம். ஐப்பசி மாத இடி மின்னலுக்கும் அதுதான் நல்லது.

மைக்ரோடிக்கிலும் சிக்கல் இருக்கிறது. ட்ராஃபிக்கைப் பார்க்க டார்ச், ஸ்னிஃபர் என்று அழகான கருவிகளைக் காட்டுவார்கள். ஆனால் ஸ்விட்ச் சிப்பே வேலையை முடித்துவிடும் ஹார்ட்வேர் ஆஃப்லோடில் போர்ட்டுக்குப் போர்ட் நேராகப் போகும் ட்ராஃபிக் சிபியுவைத் தொடாது, ஆகவே அவற்றின் கண்ணில் படாது. முதல் நாள் "ஒன்றுமே ஓடவில்லையே" என்று குழம்பியிருக்கிறேன். அதற்கு மிரரிங்தான். கேமராவுக்கு பிஓஇ (நெட்வொர்க் வயரிலேயே கரன்ட்) கொடுக்காது, தனிப் பெட்டி வேண்டும். அமைப்பை மாற்றும் மென்பொருளான வின்பாக்ஸின் திரையைப் பார்த்தால் புதியவருக்கு மிரட்சி வரும். நெட்வொர்க் தெரிந்தவர் கூப்பிடு தூரத்தில் இல்லாத சின்னக் கடை என்றால் எஸ்ஜி108இ போதும் என்றே சொல்வேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, ஆறாம் போர்ட் கிகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். ஜோடி ஏதோ போயிருக்கிறது. மேனேஜருக்குப் போன் போட்டு, "அண்ணே, குடோன் கேமராவுக்குப் போற வயரைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார். "எலி தம்பி. பாதி தின்னுட்டு மீதியை நமக்கு வச்சிருக்கு."