மூன்று ஆண்டுகளாகக் கணினியிடம் வாசிக்கும் பிள்ளைகள்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் ஹெட்மாஸ்டரும் நானும்தான். ஒரு பிள்ளை ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஐந்து நிமிடம் ஆகும். இருபத்தாறு பிள்ளைகளையும் நாளுக்கு ஒரு தடவை கேட்பதென்றால் இரண்டு மணி நேரம் போய்விடும். அப்புறம் பாடம் எப்போது நடத்துவது? பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் கணினி நிரல்களை நான் தேடிப் போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் 'ரீட் அலாங்' செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடந்தது. எங்கள் ஊர்த் தன்னார்வலர் தன் கைபேசியைத் திண்ணையில் வைத்துப் பிள்ளைகளை வாசிக்க வைத்ததை அப்போதுதான் பார்த்தேன். பிள்ளை வாசிக்க வாசிக்க, தியா என்ற பொம்மை காது கொடுத்துக் கேட்கிறது. தடுமாறும் சொல்லைத் தொட்டால் சொல்லிக் கொடுக்கிறது. கதையை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மாஸ்டோவின் குழு 1990களிலேயே ஆங்கிலத்துக்கு இப்படியொன்றைச் செய்திருக்கிறது. தமிழைக் கேட்கும் ஒன்று எங்கள் ஊர்த் திண்ணைக்கு வந்துவிட்டதே என்ற வியப்பு எனக்கு அடங்கவில்லை.

அதற்குப் பிறகு இதே வகையில் இரண்டு மூன்று நிரல்களைப் பள்ளியில் பயன்படுத்தினேன். அவற்றின் பெயர்களை விட்டுவிடுகிறேன். கருவிகள் மூன்று: என் கைபேசி, ஹெட்மாஸ்டரின் பழைய டேப், பழைய மாணவர் ஒருவர் பிளஸ் டூவில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி. அதன் பேட்டரி செத்துவிட்டதால் கரண்ட் இருந்தால்தான் ஓடும். நேரத்துக்குத்தான் முதலில் திண்டாடினோம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. பிள்ளைகள் எட்டேகாலுக்கே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவியபின் பிரார்த்தனை மணி அடிக்கும்வரை அரை மணி நேரம் கிடைக்கிறது. ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் நாளுக்கு ஒன்பது பேர் வாசிக்கலாம்.

முதல் வாரமே ஒன்று புரிந்தது. மின்விசிறி ஓடினால் நிரலுக்குப் பிள்ளையின் குரல் கேட்பதில்லை. பக்கத்தில் யாராவது வாய்ப்பாடு சொன்னால் அதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறது. மைக் வைத்த ஹெட்போன் வாங்கி, வராந்தாவில் மூன்று மூலையில் மூன்று பேரை முதுகு காட்டி உட்கார வைத்தபிறகுதான் வேலை நடந்தது. வாங்க நினைப்பவர்கள் நிரலுக்கு முன்னால் ஹெட்போனை வாங்குங்கள்.

இனி நல்லதைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். எழுப்பி வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்றே ஒரு வருடம் நினைத்திருந்தேன். வராந்தா மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் கிசுகிசுத்த குரலில் ஒரு கதை முழுவதையும் வாசித்ததைத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் நிரல் அவசரப்படுத்தவில்லை. பக்கத்துப் பிள்ளை எடுத்துக் கொடுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவளே நாலு தடவை முயன்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். இருபத்தைந்து பேர் பார்த்திருக்க, அப்படி ஒரு பொறுமையை என்னால் கொடுத்திருக்க முடியாது. எத்தனை குறை சொன்னாலும் இதற்காகவே இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறேன்.

குறைகளில் பெரியது தமிழ் எழுத்தோடு சம்பந்தப்பட்டது. இந்த நிரல்கள் சொல்லை முழுதாக எடுத்து ஒளியூட்டி, முழுதாகவே உச்சரித்துக் காட்டுகின்றன. எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிக்கல் சொல்லுக்குள்ளே இருக்கிறது. 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்று வாசிப்பான். முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்துவிட்டான், பின்னால் வரும் காலைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு முதலில் படுகிற கொம்பின் ஒலி, எழுத்துக்குப் பின்னால்தான் வாயில் வர வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் ஒரே ஒலி. இதை ஒரு பிள்ளைக்கு விளங்க வைக்க மணலும் சிலேட்டும் எழுத்து அட்டையும் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும். 'கொக்கு, கொக்கு' என்று பத்துத் தடவை நிரல் சொன்னாலும் அந்தக் கால் அவன் கண்ணில் படப்போவதில்லை.

இதைவிட மோசமாக நான் ஏமாந்தது ஒரு பையனிடம். தினமும் நட்சத்திரங்களை அள்ளிக் குவித்தான். ஒருநாள் சந்தேகம் வந்து, அவன் சரளமாக வாசித்த கதையிலிருந்து ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். ஒன்றைக்கூட வாசிக்க முடியவில்லை. படத்தைப் பார்த்தும், மற்ற பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டும் கதையை மனப்பாடம் செய்திருக்கிறான்! அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. திரையில் அவன் மொட்டு நிலையையும் தாண்டி மலருக்குப் போயிருந்தான். உண்மையில் அரும்பிலேயே நின்றிருந்தான். இந்த நிரல்கள் மொட்டு நிலைக்கு மேல்தான் பயன்படும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதுமுதல் யார் எந்தக் கதையை முடித்தாலும் ஐந்து சொற்கள் பலகைக்கு வந்துவிடும்.

பேச்சு வழக்கு இன்னொரு தலைவலி. 'காற்று' என்பதைப் பிள்ளை 'காத்து' என்று வாசித்தால் நிரல் தவறு என்கிறது. எனக்கு அது தவறாகப் படவில்லை. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, வீட்டில் சொல்கிறபடி சொல்லியிருக்கிறது. வாசிப்பு நடந்துவிட்டது. திருத்த வேண்டியது உச்சரிப்பைத்தான். அதே நிரல் 'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசித்தால் பச்சை விளக்குக் காட்டி விட்டுவிடுகிறது. ழகரத்தை நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கையும் நான் மறைத்து வைத்துவிட்டேன். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று 2021இல் தொடங்கிய மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் சொல்கிறது. தமிழில் 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல், 'ஈ' என்பதும் ஒரு சொல். இந்தக் கணக்கைத் திரையில் பார்த்த பிள்ளைகள் பந்தயம் கட்டி ஓடத் தொடங்கினார்கள். கதையில் யார் வந்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

பக்கத்து ஒன்றியத்து ஆசிரியர் ஒருவர், "இதனால மார்க் கூடுமா டீச்சர்?" என்று கேட்டார். நிரலை மட்டும் நம்பினால் மார்க் ஏறாது என்றேன். அமெரிக்கக் கல்வித் துறைக்காக நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. ஒன்றாம், நான்காம் வகுப்பு வாசிப்பு நிரல்களும் அதில் அடக்கம். பயன்படுத்திய வகுப்புகளுக்கும் பயன்படுத்தாதவற்றுக்கும் தேர்வு மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பையனின் நட்சத்திரங்களைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

திரையில் வாசித்த பிள்ளைக்கு அன்றே கையில் தாளைக் கொடுப்பது எங்களுக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. கறுப்பு வெள்ளையில் எடுத்து வராந்தாக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கசங்கித் திரும்பி வரும் தாள்களைப் பார்த்தால் எந்தக் கதை பிடித்திருக்கிறது என்று எனக்கே தெரிந்துவிடுகிறது.

இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பைப் பொங்கல் விடுமுறை முடியும்வரை கருவிப் பக்கமே விடப்போவதில்லை. அதுவரை அவர்களுக்கு மணலும் சிலேட்டும்தான். மிச்சமாகும் நிமிடங்களை நான்காம் வகுப்பில் இன்னும் தட்டுத் தடுமாறும் நால்வருக்குக் கொடுத்திருக்கிறேன். மடிக்கணினிக்கு ஒரு பேட்டரியும் சொல்லி வைத்திருக்கிறோம்.