நடுகள ஆட்டக்காரன் ஒருவன் வளர்ந்த விதம்: புதுச்சேரிக் கால்பந்துப் பயிற்சி மையம் பற்றிய மதிப்புரை

என் தங்கையின் மகனைப் பத்தரை வயதில் ஒரு கால்பந்துப் பயிற்சி மையத்தில் சேர்த்தோம். வரும் சித்திரையில் அவனுக்குப் பதிமூன்று வயது நிறைகிறது. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. மையம் புதுச்சேரி எல்லைக்குள், கடலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலைகளில் அவன் தாத்தாவுடன் பேருந்தில் வந்து இறங்குவான். ஞாயிறு காலையில் நான் அழைத்துச் செல்வேன். இந்த இரண்டரை ஆண்டுகளில் அந்தத் திடலின் ஓரத்தில் நான் உட்காராத ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனெனில் பாராட்டுடன் இரண்டு குறைகளையும் சொல்லப்போகிறேன். பிள்ளையைக் கால்பந்துப் பயிற்சியில் சேர்க்க எண்ணும் பெற்றோருக்கு, எந்த மையமாக இருந்தாலும், எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த அனுபவம் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஞாயிறுகளில் என்னுடன் ஐந்தாறு நண்பர்களும் வருவார்கள். 1998ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஜிடான் இரண்டு கோல்களைத் தலையால் முட்டி பிரான்சுக்குக் கோப்பையை வென்று தந்த இரவை ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு அணியைச் சொந்த அணியாக நினைப்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு; எங்கள் கூட்டத்திலும் பாதிப்பேர் அப்படித்தான். தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டக்காரர்களை எடைபோட்டே பழகிய எங்களுக்கு, நம் ஊர்ப் பையன் ஒருவன் கண்ணெதிரே வாராவாரம் வளர்வதைப் பார்க்கும் வாய்ப்பு இதற்கு முன் கிடைத்ததில்லை. அவனைப் பற்றி அந்தத் திடலின் ஓரத்தில் நாங்கள் செய்த விவாதங்களையும், அவற்றில் பெரும்பாலானவற்றில் நாங்கள் தவறியதையும் சொல்லாமல் இந்த மையத்தை மதிப்பிட முடியாது.

முதல் ஆண்டு முழுவதும் நண்பர்களின் தீர்ப்பு ஒன்றாகவே இருந்தது: பையன் வளரவில்லை. அவன் வயதுச் சிறுவர்களில் ஒருவன் மூன்று பேரைத் தாண்டிப் பந்தை உருட்டிச் சென்று கோல் அடித்தான். இன்னொருவன் திடலின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்குப் பந்தை உதைத்தான். எங்கள் பையனோ நடுவில் நின்று, பந்தை வாங்கி, பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் நகர்ந்தான். பணம் கட்டிக் கெடுக்கிறாய் என்று ஒரு நண்பர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கும் சந்தேகம் வந்தது, பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் விவாதம் எதுவும் செய்யாமல், அடுத்த ஆட்டத்தில் பந்து அவனிடம் இல்லாதபோது மட்டும் அவனைப் பாருங்கள் என்றார்.

அந்த ஒரு சொல்தான் என் பார்வையை மாற்றியது. பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடாமல் பையனின் தலையை மட்டும் பார்த்தபோது, பந்து தன்னை நோக்கிப் புறப்படுவதற்கு முன்பே அவன் ஒருமுறை இடத்தோளுக்கு மேலும் ஒருமுறை வலத்தோளுக்கு மேலும் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. பந்து காலுக்கு வரும் நேரத்தில் அடுத்து யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு அவனிடம் ஏற்கெனவே இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டபோது, "மாமா, திரும்பிப் பார்க்கலன்னா பின்னாடி யாரு வர்றாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று மிக இயல்பாகச் சொன்னான். நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்துப் பிரீமியர் லீக் நடுகள வீரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, பந்து வருமுன் அடிக்கடி சுற்றிலும் பார்க்கும் வீரர்களின் பாஸ்கள் சக வீரரைச் சென்றடைவது கூடுதலாக இருப்பதைக் காட்டியிருக்கிறார். பிள்ளைகளுக்கு இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் விளங்காது. மையத்தில் இதை விளையாட்டாகவே பழக்கினார்கள்: பந்தை வாங்கப்போகும் சிறுவனுக்குப் பின்னால் ஒருவர் நின்று சிவப்பு அல்லது மஞ்சள் துணியைத் தூக்கிக் காட்டுவார், பந்து காலைத் தொடுவதற்கு முன் சிறுவன் அந்த நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் தண்டனை ஏதும் இல்லை. பந்து மட்டும் அடுத்தவனுக்குப் போய்விடும். ஆறு மாதங்களுக்கு ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடமும் இதற்கே போயிற்று.

இரண்டாவதாக அவர்கள் கற்றுக்கொடுத்தது உடலை வைத்துக்கொள்ளும் விதம். நடுவில் ஆடுபவன் பந்து வரும் திசையை நேருக்கு நேர் பார்த்து நின்றால், வந்த வழியே அதைத் திருப்பி அனுப்புவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இல்லை. சற்றுப் பக்கவாட்டாக நின்று, தூரத்துக் காலால் வாங்கினால் ஒரே தொடுகையில் எதிரணியின் கோலை நோக்கித் திரும்பிவிடலாம். தொடக்கத்தில் தனக்கு வந்த பந்துகளில் பாதிக்கு மேல் வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவன், இரண்டாம் ஆண்டின் நடுவில் பெரும்பாலானவற்றை முன்னோக்கிக் கொண்டுசெல்லத் தொடங்கினான். நண்பர்களிடம் இதைச் சொல்லி, ஓர் ஆட்டம் முழுவதும் அவர்களையும் அதையே கவனிக்க வைத்தேன். பணத்தைப் பற்றிப் பேசிய அதே நண்பர் அன்று ஆட்டம் முடிந்ததும் பையனின் தோளைத் தட்டிக்கொடுத்தது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் நினைவு.

எங்களைப் போன்ற ரசிகர்கள் இளம் நடுகள வீரர்களை எப்படி மதிப்பிடுகிறோம் என்பதை யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. 2017 அக்டோபர் 9 அன்று தில்லியில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டத்தில், கொலம்பியாவுக்கு எதிராக 82ஆம் நிமிடத்தில், சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஃபிஃபா உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. அந்த ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று தோற்றது. எங்கள் கூட்டத்தில் ஜீக்சன் என்றாலே அந்தக் கோல்தான் பேச்சு. பின்களத்துக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலைக் கலைப்பதும், பந்தை வாங்கிச் சிதறாமல் பிரித்துக் கொடுப்பதும்தான் அவருடைய அன்றாட வேலை என்பதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பிரான்சிலிருந்து எங்கள் கூட்டத்தினர் ஓயாமல் எடுத்துக்காட்டும் பெயர் வாரன் ஸாயிர்-எமெரி. பாரிஸை ஒட்டிய மோந்த்ரேயில் 2006இல் பிறந்து, எட்டு வயதில் பாரிஸ் செயின்ட்-ஜெர்மைன் கிளப்பின் அமைப்புக்குள் வந்து, அங்கேயே வளர்ந்தவர். 2022 ஆகஸ்டில் பதினாறு வயதில் முதல் அணிக்கு ஆடினார். 2023 பிப்ரவரியில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் நாக்-அவுட் ஆட்டத்தில் தொடக்க அணியிலேயே இறங்கினார். அதே ஆண்டு நவம்பரில் ஜிப்ரால்டருக்கு எதிராகப் பிரான்சுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்து, அடித்த அந்த நொடியிலேயே கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். ஏறுமுகமாகவே சென்ற இந்தக் கதையை நண்பர்கள் விரும்பிச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வந்த 2024-25 பருவத்தில் வித்தின்யா, ஜோவாவ் நெவெஸ், ஃபாபியான் ரூயிஸ் மூவரும் நடுகளத்தைப் பிடித்துக்கொள்ள, ஸாயிர்-எமெரி பெரிய ஆட்டங்களில் பலமுறை மாற்று வீரராக உட்கார்ந்திருந்ததையும், தேவைப்பட்டபோது வலது பின்களத்தில் ஆடியதையும் நான்தான் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு திறமையுள்ள, அவ்வளவு வசதிகளுக்கிடையில் வளர்ந்த ஓர் இளைஞரின் பாதையே இப்படி மேடும் பள்ளமுமாக இருக்கும்போது, மண் திடலில் ஆடும் பன்னிரண்டு வயதுப் பையனை மாதத்துக்கு ஒருமுறை தீர்ப்பிட்ட எங்கள் அவசரம் தவறானது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மையத்தில் என்னை மிகவும் நெகிழ வைத்தது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு கோடையில் பையன் சில மாதங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்தான். ஓட்டத்தில் ஒரு தடுமாற்றம் வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திய இடத்தில் வலிப்பதாகச் சொன்னான். சோம்பல் என்று நான் நினைத்தேன். பயிற்சியாளர் அவனை உட்கார வைத்து, வலிக்கும் இடத்தைப் பார்த்து, வேகமாக வளரும் வயதில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு இது பரவலாக வருவதுதான், இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்றார். மருத்துவரும் அதையே சொல்லி ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னார். அடுத்த இரண்டு மாதங்களுக்கு நீண்ட ஓட்டமும் குதிப்பும் இல்லாமல், நின்ற இடத்தில் இடது காலால் பந்தை வாங்கிக் கொடுக்கும் பயிற்சியை மட்டும் அவனுக்கென்று தனியாக வகுத்துத் தந்தார். வலி போனபோது அவனுடைய இடது கால் வலது காலுக்கு இணையாக வந்திருந்தது. முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளையின் முழங்காலைக் கவனிக்கும் மனிதரிடம் என் வீட்டுப் பிள்ளையை விட்டிருக்கிறேன் என்ற நிம்மதிக்கு விலை சொல்ல முடியாது.

வசதிகளைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திடல் மண் தரை. ஞாயிறு காலையில் தண்ணீர் தெளித்துவிடுகிறார்கள். குடிநீர் உண்டு, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை உண்டு, அவர்கள் பையன்களுடன் ஒரே குழுவில் ஆடுகிறார்கள். வயதுக்கேற்ற பந்து கொடுப்பதைப் பாராட்ட வேண்டும்: பன்னிரண்டு வயது வரை 63.5 முதல் 66 செ.மீ. சுற்றளவுள்ள நான்காம் எண் பந்து, அதன்பின்தான் 68 முதல் 70 செ.மீ. சுற்றளவுள்ள ஐந்தாம் எண் பந்து. பல இடங்களில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் பெரிய பந்தை உதைத்துக் கால் வலியுடன் வீடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். தலைமைப் பயிற்சியாளர் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'சி' பயிற்சியாளர் உரிமம் பெற்றவர். கேட்டவுடன் சான்றிதழைக் காட்டினார்.

இனிக் குறைகள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திடலில் தண்ணீர் தேங்கி வாரக்கணக்கில் வகுப்பு நடப்பதில்லை. ஆயினும் கட்டணம் முழுவதும் வாங்கப்படுகிறது. வாடகை டர்ஃப் (செயற்கைப் புல் திடல்) ஒன்றில் வாரத்துக்கு ஒரு வகுப்பாவது நடத்துங்கள் என்று பெற்றோர் சிலர் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். பார்க்கலாம் என்ற பதிலைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. மாதக் கட்டணத்தைச் சிரமப்பட்டுக் கட்டும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது குறைதான் பெரியது. இங்கே ஆட்டங்கள் போதவில்லை. தங்களுக்குள் ஐந்து பேராகவும் ஏழு பேராகவும் பிரிந்து ஆடுகிறார்கள்; அந்த வயதுக்கு அது சரியானதே, பந்தைத் தொடும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடும். ஆனால் பன்னிரண்டைத் தாண்டிய நடுகள ஆட்டக்காரனுக்குப் பெரிய திடல் வேண்டும், முன்பின் தெரியாத எதிரணி வேண்டும், தன்னைவிட வலுவானவன் முதுகில் மோதும் அனுபவம் வேண்டும். இரண்டரை ஆண்டுகளில் வெளியணிகளுடன் அவன் ஆடிய பதினோரு பேர் ஆட்டங்கள் மிகச் சில. அவற்றிலும் சென்ற பொங்கல் விடுமுறையில் நடந்த ஒரு போட்டியில், கோப்பையை வென்றாக வேண்டும் என்ற ஆசையில் உதவிப் பயிற்சியாளர் அவனை வலது ஓரத்துக்கு மாற்றி, பந்து கிடைத்தால் ஓடு என்று மட்டும் சொன்னார். வேறு இடத்தில் ஆடிப் பழகுவதை நான் எதிர்க்கவில்லை. அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. இங்கே கற்பிக்கும் நோக்கம் இல்லாமல் அது நடந்தது. இரண்டாண்டுகளாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு நேர்மாறானதை மூன்று ஆட்டங்களுக்குச் செய்யச் சொல்லிவிட்டு, பிறகு அதைப் பற்றி அவனுடன் யாரும் பேசவே இல்லை. அன்றிரவு அவன் சாப்பிடாமல் படுத்ததை என் தங்கை சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. தலைமைப் பயிற்சியாளர் அந்த நாட்களில் ஊரில் இல்லை; திரும்பி வந்தபின் பையனிடம் அவரே வருத்தம் தெரிவித்தார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

ஆகவே, எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் வயதானவர்களுக்கு இது மட்டும் போதாது. வேறு எந்த மையத்தில் சேர்ப்பதாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். சென்ற ஓராண்டில் வெளியணிகளுடன் எத்தனை ஆட்டங்கள் ஆடினார்கள் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் என்ன செய்வார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பையனுக்கு இப்போது ஒரு வழி கண்டிருக்கிறோம். வார நாட்களில் இங்கேயே பயிற்சி தொடரும். ஜூன் முதல் ஞாயிறுகளில் கடலூரில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றுடன் பெரிய திடலில் ஆடுவான். இதைத் தயக்கத்துடன்தான் தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். "நல்லது சார், நானே ஒரு ஞாயிறு வந்து பார்க்கிறேன், அந்தக் கோச்சிடம் இவனை நடுவிலேயே ஆடவிடச் சொல்லுங்க," என்றார்.