மைனரா, பீட்டிலா? சேசி நம்பரைப் பார்த்து முடிவெடுத்த கதை

போன வருடம் பழைய கார் ஒன்று வாங்கியே தீருவது என்று கிளம்பியபோது கடைசிவரை மனதில் நின்றவை இரண்டு: கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மொறிஸ் மைனர், தெஹிவளையில் ஒரு வொக்ஸ்வேகன் பீட்டில். வாங்கியது பீட்டில். காலி வீதி நெரிசலில் ஏசி இல்லாமல் வேகுவது இரண்டிலும் ஒன்றுதான். பார்ட்ஸ் தேடி பஞ்சிகாவத்தையில் அலைவதும் அப்படித்தான். அழகு என்று பார்த்தால் இன்றைக்கும் என் ஓட்டு மைனருக்கு. ஆனால் என்னைச் சாய்த்தது சேசி நம்பர், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலையில் கொடுக்கும் அடையாள எண்.

மைனரில் அந்த நம்பர் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். பொனெட்டைத் திறந்தால் என்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரில் அதை அடித்திருப்பார்கள். தகட்டைப் படிக்கத் தெரிந்தால் நிறையச் சொல்லும். எம்.ஏ.2.எஸ்.5 என்று தொடங்கினால் எம் மொறிஸ், ஏ என்பது ஏ சீரிஸ் என்ஜின், 2.எஸ் இரண்டு கதவு சலூன், 5 என்றால் 1098 சிசி வந்த பிறகான வண்டி. நான்கு கதவு வண்டியில் அந்த 2 இருக்காது. கொட்டாஞ்சேனை வண்டிக்கு நான்கு கதவு, தகட்டிலோ 2.எஸ். வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு நம்பர் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது, வண்டியோடு பொருந்தவில்லை! ரிவிட் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று இரண்டு ஸ்குரூ வேறு. பெயின்ற் அடிக்கும்போது கழற்றி மாட்டியது என்றார் விற்றவர். ஸ்குரூவுக்கு அது சரியான காரணம்தான், பெயின்ற்காரர்கள் கழற்றத்தான் செய்வார்கள். கதவுக்கு அவரிடம் பதில் இல்லை.

பீட்டிலில் நம்பர் பின் சீட்டுக்குக் கீழே, தரையின் நடுவில் நீளமாக மேடுபோல ஓடும் டனலின் மேலேயே குத்தியிருக்கும். சீட்டைத் தூக்கி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும். மணல் தாளால் தேய்க்க வேண்டாம், எழுத்தின் ஆழம்தான் சாட்சி. சுற்றிலும் வெல்டிங் கோடு, கிரைண்டர் கீறல், சதுரமாக ஒரு துண்டுக்கு மட்டும் புதுப் பெயின்ற், இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கூடப் பார்க்க வந்த மெக்கானிக் பாஸ் சொன்னது இது: "தம்பி, இந்த ஊர்க் காற்றுக்குக் கறள் பிடிக்காத பீட்டில் இல்லை. ஆனா தரைத் தகடு ரெண்டு பக்கமும் போனாலும் டனல் நிக்கும்." பற்றரியும் பின் சீட்டுக்குக் கீழேதான், வலது பக்கம், அந்தப் பக்கத் தரைதான் முதலில் உளுத்துப்போகும். இடதும் வலதும் வெட்டிப் புதுத் தகடு ஒட்டினாலும் நடு டனலைத் தொடத் தேவையில்லை, நம்பர் அப்படியே கிடக்கும். நாளைக்கு நான் விற்கப் போகும்போது வாங்க வருபவருக்குக் கதை சொல்ல வேண்டாம், சீட்டைத் தூக்கிக் காட்டினால் போதும்.

வருடமும் அதிலேயே இருக்கிறது. 1965 மொடலிலிருந்து முதல் இரண்டு எண் 11, மூன்றாவது எண் மொடல் வருடம்: 117 என்றால் 1967, 118 என்றால் 1968. 1970 மொடலிலிருந்து மொத்தம் பத்து எண். என் வண்டி 118, புத்தகத்தில் 1967. முதலில் நெஞ்சு பக்கென்றது. அப்புறம்தான் தெரிந்தது, வொக்ஸ்வேகனின் மொடல் வருடம் ஓகஸ்டில் தொடங்குகிறது, 1967 கடைசியில் செய்த வண்டிக்கு 118தான் சரி. 1965 மொடலுக்கு முந்திய வண்டிகளில் எண்ணைப் பார்த்தவுடன் வருடம் தெரியாது, பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அதில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு.

பீட்டிலிலும் ஏமாறலாம். பொடியை, அதாவது வண்டியின் மேல் கூட்டை, போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம் என்பதால் ஒரு வருடத்துச் சேசியில் இன்னொரு வருடத்துப் பொடி உட்கார்ந்திருக்கும். நம்பர் கீழ்ப் பாதிக்கு மட்டும்தான் சாட்சி. மைனரைப் பற்றி நான் சொல்வதும் ஐந்தாறு வண்டி பார்த்த அளவில்தான். ரிவிட் அசையாத, கதவும் தகடும் ஒத்துப்போகிற மைனர் கிடைத்தவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பீட்டிலின் முன்பக்கத்திலும், ஸ்பேர் டயர் குழியின் பின்புறம், ஒரு தகடு உண்டு. என்னுடையதில் அது இல்லை, இரண்டு ஓட்டை மட்டும். புதிது அடித்துத் தர ஆள் இருக்கிறார். நான் அடிக்கவில்லை. ஓட்டையைப் பார்த்தால் வாங்க வருபவர் தானாகவே பின் சீட்டைத் தூக்கச் சொல்வார்.