ஞாயிறு சமையல்: குழம்பை உறைய வைப்பதா, மசாலாவை உறைய வைப்பதா?

உச்சிப்புளியில் உள்ள எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் மேல்பகுதியில் உள்ள ஃப்ரீசரில் ஐஸ் தட்டு ஒன்றையும் நான்கைந்து டப்பாக்களையும் வைத்தால் இடம் முடிந்துவிடும். கணவன் மனைவி இருவருமே காலை எட்டு மணிக்குள் இராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருப்பதால், வாரநாள் சமையலின் பெரும்பகுதியை ஞாயிறன்றே முடித்துவைக்கும் வழிகளை இரண்டு ஆண்டுகளாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறோம். குழம்பாகவே சமைத்து உறைய வைப்பது ஒரு வழி. மசாலாவை மட்டும் வதக்கிச் சுண்டவைத்து உறைய வைத்துவிட்டு, கழுவி நறுக்கிய மீனைப் பச்சையாகத் தனியே வைத்துக்கொள்வது இன்னொரு வழி. ஃப்ரீசரையே நம்பாமல் கருவாடு, வற்றல், சுண்டக்குழம்பு என்று போவது என் மாமியாரின் வழி. வாரத்தில் மூன்று நாளாவது மீன் சமைக்கும் கடற்கரை வீட்டுக்கு நடுவில் உள்ள வழியே ஏற்றது என்பது என் முடிவு. கறிக்கும் பருப்புக்கும் அந்த முடிவு பொருந்தாது.

எந்த வழியானாலும் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியைத்தான். உறைந்த உணவு மாதக்கணக்கில் தரம் குறையாமல் இருக்க மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வேண்டும். சில பெட்டிகளின் ஃப்ரீசர் கதவில் நட்சத்திரக் குறி பொறித்திருப்பார்கள்: ஒன்று இருந்தால் மைனஸ் 6, இரண்டு இருந்தால் மைனஸ் 12, மூன்று இருந்தால் மைனஸ் 18 டிகிரி என்று பொருள். உறைந்த பொருளை வைத்திருக்கும் காலமும் அதற்கேற்ப ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று நீளும். மின்சிக்கனத்துக்காக ஒட்டப்படும் நட்சத்திர அட்டை வேறு, இது வேறு. எங்களுக்குப் பெட்டி விற்றவரே இரண்டையும் ஒன்றாக்கித்தான் சொன்னார். எங்கள் ஃப்ரீசருக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் மைனஸ் 11-க்குக் கீழே போகவில்லை. உட்சுவரில் விரற்கனம் பனி படிந்துவிட்டால் அதுவும் கிடைப்பதில்லை. ஆகவே, மூன்று மாதம் தாங்கும் என்று பிறர் எழுதும் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, எதுவானாலும் மூன்று வாரம் என்று நாங்கள் கெடு வைத்திருக்கிறோம்.

முழுச் சமையலின் பலம் வாரநாள் இரவில் தெரியும். ஏழரை மணிக்கு வீடு திரும்பும்போது, முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்திருந்த டப்பாவைச் சட்டியில் கவிழ்த்து, நடுப்பகுதியும் தளதளவென்று கொதிக்கும்வரை சூடாக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆட்டுக்கறிக் குழம்பு, கோழிச் சால்னா, கொண்டைக்கடலைக் குருமா, வேகவைத்த துவரம்பருப்பு ஆகியவை இதற்கு நன்றாக ஒத்துழைக்கின்றன. கறியைப் பொறுத்தவரை, உறைந்து இளகியபின் மசாலா இன்னும் கொஞ்சம் ஊறியதுபோல் இருப்பதால், சில நாள் புதிதாக வைத்த குழம்பைவிட இதுவே எங்களுக்குப் பிடித்துப்போகிறது. இட்லியும் அப்படித்தான், உறைந்ததை மறுபடி ஆவியில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

மீனில்தான் இந்த வழி கவிழ்ந்தது. விளைமீன் குழம்பு ஒன்றைப் பத்து நாள் கழித்து எடுத்துச் சூடாக்கினேன். கொதி வருவதற்குள் துண்டுகள் முள்ளை விட்டு உதிர்ந்து, கரண்டியில் சிம்பு சிம்பான சதைதான் வந்தது. வீட்டு ஃப்ரீசர் மெதுவாகவே உறைய வைக்கும் என்பதால் சதைக்குள் பெரிய பனித்துகள்கள் உருவாகி நாரைக் கிழித்துவிடுகின்றன. ஏற்கெனவே வெந்த அந்தச் சதையை இரண்டாம் முறை கொதிக்க வைத்தால் அது எப்படித் தாங்கும்? உருளைக்கிழங்கு பஞ்சாகித் தண்ணீர் கக்குகிறது. முருங்கைக்காயில் சக்கைதான் மிஞ்சுகிறது. தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு திரிந்து, தண்ணீரும் திப்பியுமாகப் பிரிந்து நிற்கிறது.

சுவையைவிடப் பெரிய சிக்கல் ஆறவைப்பதில் இருக்கிறது. சமைத்த உணவு 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். வெளிவெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பின் பொது விதி. சித்திரை வைகாசியில் எங்கள் அடுப்படியில் பெரிய சட்டிக் குழம்பு ஒன்று தானாக ஆற வேண்டுமென்றால் அரை நாள் ஆகிறது. அகலத் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் அந்தத் தட்டுகளை நிறுத்தி, ஃபேனுக்கு அடியில் வைத்தால்தான் கணக்குக்குள் வருகிறது. சூட்டோடு ஃப்ரீசருக்குள் தள்ளினால் பக்கத்து டப்பாவும் இளகும். சோற்றை நான் உறைய வைப்பதே இல்லை. சோறு அறைவெப்பத்தில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் அதில் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. குக்கரில் இருபது நிமிடத்தில் ஆகிவிடும் சோற்றுக்காக அந்த வம்பை வாங்குவானேன், இருக்கிற கொஞ்ச இடத்தையும் அடைப்பானேன்?

இனி மசாலா வழி. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, அரைத்த முண்டு மிளகாய், மல்லித்தூள் ஆகியவற்றை வதக்கி, கெட்டியான புளிக்கரைசல் ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவைக்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயின் நிறமும் காரமும் வதக்கும்போதே எண்ணெயில் இறங்கிவிடுவதால் உறைந்தபின்னும் அவை குறைவதில்லை. இந்த மசாலாவைத் தடித்த பாலித்தீன் பைகளில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாகப் பரப்பினால் ஒரே தட்டில் எட்டு அடுக்கலாம். குழம்பு டப்பா என்றால் அந்த இடத்தில் இரண்டுதான் நிற்கும். தேங்காயைத் துருவித் தனியே உறைய வைத்து, அன்றன்று அரைத்துச் சேர்க்கிறேன். அடுப்பில் மசாலாக் கட்டி கரைந்து கொதிக்கும்போது மீன் துண்டுகளைப் போட்டால் பத்து நிமிடத்தில் குழம்பு தயார். முழுச் சமையலோடு ஒப்பிட்டால் வாரநாளில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவாகிறது. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. கீழக்கரையில் உள்ள என் தோழியும் நோன்புக்கு முன்பே சமோசாவை மடித்து, பொரிக்காமல் உறைய வைத்துக்கொள்கிறார். கடைசி வேலையை அந்தந்த நாளுக்கு விட்டுவைக்கும் இதே முறைதான் அதுவும்.

பச்சை மீனை உறைய வைப்பதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. விடியற்காலையில் கரையில் வாங்கிய மீன்தான் ஃப்ரீசருக்குப் போக வேண்டும். மாலை வரை வெயிலில் கூடையில் கிடந்தது போகக் கூடாது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்றவை சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்கிறது. அதை உறைநிலையும் அழிக்காது, கொதியும் அழிக்காது. சாளையிலும் கானாங்கெளுத்தியிலும் கொழுப்பு அதிகம் என்பதால் அவை சீக்கிரம் காறலும் அடிக்கும். அவற்றை ஒரு வாரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. பாறையும் விளைமீனும் கெடு முடியும்வரை நிற்கின்றன. துண்டுகள் மூழ்கும் அளவுக்கு டப்பாவில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் மேல்சதை காய்ந்து வெளுக்காது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கும் என்பதால் விளிம்பில் ஒரு விரல் இடம் விட வேண்டும்.

இரண்டு வழிகளையும் உண்மையில் பிரித்துக் காட்டியது மின்வெட்டுதான். ஃப்ரீசரில் ஒரு சிறு தம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருப்பது எங்கள் வழக்கம். ஐப்பசி மழையில் ஒரு கல்யாணத்துக்காகப் பரமக்குடி போய் மூன்றாம் நாள் திரும்பினோம். மின்சாரம் இருந்தது, டப்பாக்கள் கல்லாக இருந்தன, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. ஆனால் நாணயம் பனிக்கு அடியில், தம்ளரின் அடித்தட்டில் கிடந்தது. அதாவது எல்லாம் முழுவதும் இளகி, பிறகு மறுபடி உறைந்திருக்கிறது. நிரம்பிய பெரிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் வரை தாங்கும் என்பார்கள். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிற்றறைக்கு அந்தக் கணக்கு செல்லாது. மூன்று டப்பா நண்டுக் குழம்பையும் ஒரு டப்பா கறிக் குழம்பையும் தென்னை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம். அன்று உள்ளே மசாலாக் கட்டிகள் மட்டும் இருந்திருந்தால் வெங்காயம், மிளகாயோடு போயிருக்கும்.

மாமியார் அன்றைக்குக் குழியைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: “என் கருவாட்டுக்குக் கரண்டு பில்லும் வர்றதில்ல, கரண்டு போனாக் கவலையும் இல்ல, தாயி.” அது மறுக்க முடியாத வாதம். உப்பும் வெயிலும் சதையின் ஈரத்தை எடுத்துவிடுவதால் காரலும் நெத்திலியும் டின்னுக்குள் மாதக்கணக்கில் இருக்கின்றன. ஃப்ரீசரில் திரிந்துபோகும் அதே தேங்காய்ப்பாலைக் கருப்பட்டியோடு மணிக்கணக்கில் கிண்டித் தொதல் என்ற இனிப்பாக்கினால் அதுவும் வெளியிலேயே நிற்கிறது. ஆனால் கருவாடு மாசி முதல் வைகாசி வரையில்தான் நன்றாகக் காயும்; மழை மாதங்களில் பூசணம் பிடிக்கும். என் கணவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் வாரம் ஒரு நாளுக்கு மேல் அதைச் சமைக்கவும் முடியாது. காலையும் மாலையும் கொதிக்க வைத்து மூன்று நாள் ஓட்டும் சுண்டக்குழம்பை நான் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்கிறேன். அதையும் இரவில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன்.

விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாள்களில் நாட்டுப்படகு மீன் மட்டுமே கரைக்கு வருவதால் விலை ஏறிவிடும். எங்கள் மூன்று வாரக் கெடுவும் அந்தக் காலத்துக்குப் பாதிகூட வராது. தடை தொடங்கும் வாரத்தில் பச்சை மீனுக்கு ஒரு தட்டு, கறிக் குழம்புக்கு இரண்டு டப்பா, மீதி இடமெல்லாம் மசாலாக் கட்டிகளுக்கு என்று பிரித்துக்கொள்கிறோம். மீன் தீர்ந்தபின் அதே கட்டி மாமியாரின் காரல் கருவாட்டுக்கும் பொருந்துகிறது. கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசிவிட்டு, குழம்பில் உப்புப் போடாமல் இருக்க வேண்டும்.