மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி: ஒரே பெருமையமா, துறைக்கொரு கருவியா, வலையமைப்பா?

பழத்தில் தங்கிய பூச்சிக்கொல்லியை அளப்பதற்கும், காசநோயாளியின் இரத்தத்தில் மருந்து போதிய அளவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், ஒரு புரதத்தை இனங்காண்பதற்கும் இன்று நம்பப்படுவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான். மூலக்கூறுகளை அயனிகளாக்கி, அவற்றின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் இக்கருவியின் உயர்தர வகைகள் பல கோடி ரூபாய் விலையுள்ளவை. ஆகவே அவற்றை நாட்டில் எங்கே வைப்பது, யார் பொறுப்பில் விடுவது என்பதை நன்கு யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரே பெருமையம் என்ற ஏற்பாட்டுக்கு வலுவான சான்று, அமெரிக்காவின் டாலஹாசி நகரில் உள்ள தேசிய உயர் காந்தப்புல ஆய்வகம். அங்கே 21 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தோடு இயங்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் போன்ற ஒன்றை ஊருக்கு ஊர் நிறுவ எந்த நாட்டாலும் இயலாது; திட்டம் எழுதி ஒப்புதல் பெறும் வெளி ஆய்வாளர்களுக்கும் அது திறந்திருக்கிறது. அன்றாட மாதிரிகளுக்கோ இவ்வழி பொருந்தாது. சென்னை சேத்துப்பட்டில் ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தை உலர்பனியில் பொதிந்து ஹைதராபாத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்: வழியில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தாலே சில மூலக்கூறுகளின் அளவு மாறிவிடும், பிறகு கிடைக்கும் எண்ணில் நோயாளியின் பங்கு எவ்வளவு, பயணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியிராது.

துறைக்கொரு கருவி என்பது நமக்குப் பழகிய வழி. கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதிதான். ஆனால் மானியம் பெரும்பாலும் வாங்குவதற்குத்தான் கிடைக்கிறது, ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை. யூபிஎஸ் கைவிட்டு மின்சாரம் நின்றால் கருவி இயங்க உள்ளே இருக்க வேண்டிய வெற்றிடம் குலைகிறது. அயனிகளை மின்புலத்தில் சுழலவிட்டு அளக்கும் ஆர்பிட்ராப் வகைக் கருவியாக இருந்தால் பம்புகளை மறுபடி ஓட்டி, உள்ளறையைச் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றி, அளவுதிருத்தம் செய்த பிறகே வேலைக்குத் திரும்ப முடியும். இதையெல்லாம் அறிந்த கருவி இயக்குபவர் ஒப்பந்தப் பணியில் இருந்து, அது முடிந்து வேறிடம் போய்விட்டால், பராமரிப்பு ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாமல் கிடந்தால், நல்ல கருவி பூட்டிய அறைக்குள் முடங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த வீணடிப்புதான்.

மூன்றாவது, மையமும் கிளைகளுமாக இணைந்த வலையமைப்பு. ஸ்வீடனின் பயோஎம்எஸ், ஆஸ்திரேலிய அரசின் உதவியோடு பல மாநிலங்களில் இயங்கும் பயோபிளாட்ஃபார்ம்ஸ் ஆகியவை இவ்வழியில் செல்பவை; பிரிட்டனும் சி-மாஸ் என்ற பெயரில் இத்தகைய அமைப்புக்கு 2024இல் நிதி அறிவித்தது. இதற்கும் குறையுண்டு: ஒரே மாதிரியை இரு கிளைகள் அளந்து இரு விடை தந்தால் வலையமைப்பு என்ற பெயருக்கே பொருளில்லை. எல்லாக் கிளைகளும் ஒரே ஒப்பீட்டு மாதிரியைத் தவறாமல் ஓட்டி முடிவுகளைப் பகிர்வதும், தரவை எம்இசட்எம்எல் (mzML) போன்ற, யாரும் படிக்கக்கூடிய திறந்த கோப்பு வடிவில் சேமிப்பதும் அதனால்தான் கட்டாயமாகின்றன.

இந்தியாவில் 2020இல் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளம், எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று காட்டி, முன்பதிவுக்கும் வழி செய்கிறது. அது மிகவும் பயனுள்ள பட்டியல். ஆனால் கருவி இயக்குபவருக்குச் சம்பளமும் பொதுத் தரக்கட்டுப்பாடும் பட்டியலால் வந்துவிடா. மூன்றில் வலையமைப்பையே நான் தேர்வேன். அதற்கான நிதியில் பெரும்பங்கு புதிய கருவிகளுக்கு அல்ல, கருவி இயக்குபவர்களின் நிரந்தரப் பணியிடங்களுக்கும் கூட்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கும் போக வேண்டும். மிக உயர்ந்த காந்தக் கருவிகள் மட்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

தொடங்குவதற்குச் சென்னை ஏற்ற இடம். ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் சர்தார் படேல் சாலையிலேயே இருப்பதால், ஒரே குப்பியிலிருந்து பகிர்ந்த ஒப்பீட்டு மாதிரியை உறைநிலை மாறாமல் ஒரு காலைப்பொழுதில் மூன்று வளாகங்களுக்கும் கொண்டுசேர்க்கலாம். அன்றே ஓட்டி, விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.