ஐந்து பருவங்கள், ஒரே அச்சு: நானே வார்த்த ஈயக்குண்டுகளுடன் மான் வேட்டை

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கான மான் வேட்டைப் பருவம் தொடங்கும். 1974 முதல் நடந்துவரும் இதற்குத் தனி விதிகள் உண்டு. கல்லும் எஃகும் உரசி எழும் பொறியால்தான் மருந்து பற்ற வேண்டும். குழலின் விட்டம் 0.44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. என்னுடையது 0.50. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, மெழுகு தடவிய துணியில் குண்டைப் பொதிந்து, கோலால் கிட்டிக்க வேண்டும். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே உரிமம் வாங்கிச் செய்வதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.)

முதல் பருவத்தில் கடையில் வாங்கிய குண்டுகளைச் சுட்டேன். அதன்பிறகு சுட்டதெல்லாம் தோட்டத்துக் கொட்டகையில் நானே வார்த்தவை. கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. இரட்டைக் குழி கொண்ட அதே அலுமினிய அச்சுதான் இன்றும் கையில் இருக்கிறது. அச்சைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஈயத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. குண்டுக்கு வேண்டியது காரீயம். இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் ஒன்றில் சமைக்கலாம், மற்றது நஞ்சு. காரீயத்தில் வெள்ளீயமோ ஆன்டிமனியோ கலந்தால் இறுகிப்போகும். துணியோடு சேர்ந்து குழலுக்குள் இறங்கும் குண்டு, துணியின் இழைத்தடம் தன்மேல் பதியும் அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் நல்ல ஈயம். நகம் வழுக்கினால் கலப்பு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் ஆண்டில் மலிவாகக் கிடைத்ததே என்று கார் சக்கரங்களைச் சமன்செய்யப் பொருத்தும் எடைத்துண்டுகளை உருக்கினேன். அவற்றில் ஆன்டிமனி கலந்திருக்கும். குண்டு பளபளவென்று வந்தது. ஆனால் குளிரும்போது போதிய அளவு சுருங்காததால் விட்டம் ஒரு மயிரிழை பெருத்தது. மரச்சுத்தியால் தட்டித்தான் குழல் வாய்க்குள் இறக்க முடிந்தது. 50 கெஜத்தில் ஐந்து குண்டுகள் ஏழு அங்குல அகலத்துக்குச் சிதறின. பிறகு பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய ஈயத்தகட்டை வாங்கி வார்த்தேன். அதே மருந்து, அதே துணி. சிதறல் மூன்று அங்குலத்துக்குள் அடங்கியது.

வார்ப்பில் சூட்டைக் கவனிக்க வேண்டும். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், ஆனால் வார்க்க அதைவிட நல்ல சூடு தேவை. அச்சு சூடேறும்வரை முதல் பத்துப் பதினைந்து குண்டுகள் முகம் சுருங்கியே விழும். அவற்றைத் திரும்பவும் சட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். பட்டாணி அளவு தேன்மெழுகை இட்டுக் கிளறினால் புகை எழும்பி அடங்கும். மேலே படிந்த சாம்பல்நிற ஆடை விலகி, அடியில் கண்ணாடிபோல வெள்ளி மின்னும். அந்த ஒரு நொடிக்காகவே நான் வார்க்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

மறக்கக் கூடாத ஒன்று: தண்ணீர். ஒரு சனவரியில் குளிரில் கிடந்த கரண்டியைத் துடைக்காமல் சட்டியில் விட்டேன். அதன்மேல் பனித்துளி பூத்திருந்திருக்கிறது. சட்டென்று ஆவியாகி ஈயம் கூரைவரை தெறித்தது. முகமூடியும் தோல் கையுறையும் இருந்ததால் கண் பிழைத்தது. இப்போது கரண்டியையும் அச்சையும் அடுப்போரத்தில் சூடாக்காமல் தொடுவதில்லை. கொட்டகைக் கதவு இரண்டும் திறந்திருக்கும். வேலை முடிந்ததும் உடை மாற்றிக் கைகழுவிய பின்தான் வீட்டுக்குள் நுழைகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்கிறேன். சமையலறை அடுப்பில் வார்க்கவே கூடாது.

ஒவ்வொரு குண்டையும் நிறுப்பேன். 0.490 அங்குலச் சுத்தக் காரீய உருண்டை ஏறக்குறைய 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம் இருக்கும். மூன்று கிரெயின் குறைந்தால் உள்ளே காற்றுக்குழி இருக்கிறது என்று அர்த்தம். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சட்டிக்கே திரும்பும்.

அடுத்தது துணி. மெத்தை உறைக்கான நெருக்கமான பருத்தித் துணி, 0.018 அங்குலத் தடிமன், 70 கிரெயின் மருந்து. சுட்டபிறகு துப்பாக்கிக்கு முன்னால் சில தப்படி தூரத்தில் துணி விழுந்து கிடக்கும். பொறுக்கி விரித்துப் பாருங்கள். நடுவில் கரி படிந்து, ஓரம் பிசிறி, முழுசாக இருந்தால் சரி. நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் நெருப்பு குண்டைத் தாண்டி முன்னால் போயிருக்கிறது; தடித்த துணியோ கூடுதல் மெழுகோ தேவை. இலக்கு அட்டையைவிட இந்தத் துணி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

மூன்றாம் பருவத்தில் 90 கெஜத்தில் நின்ற பெண்மானைச் சுட்டேன். குண்டில் பிழையில்லை, தூரம் என் பிழை. உருண்டைக் குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். 100 கெஜத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பனியில் சிந்திய இரத்தத்தை இருட்டும்வரை தொடர்ந்தேன், மறுநாள் காலையில்தான் மானைக் கண்டேன். அந்த இரவில் நான் தூங்கவில்லை. அன்றிலிருந்து 60 கெஜத்துக்கு அப்பால் விசையைத் தொடுவதில்லை.

சென்ற பருவத்தில் 40 கெஜத்தில் ஓர் ஆண்மான். மறுபக்கத் தோலுக்கடியில் குண்டு சிக்கியிருந்தது. காளானைப்போல் பரந்து, ஓரத்தில் இரண்டு ரோமங்கள் ஒட்டியிருந்தன. கழுவி நிறுத்தேன்: 168 கிரெயின். குறைந்த ஒன்பது கிரெயினை நினைத்து, காயத்தைச் சுற்றி ஒரு கையகலம் இறைச்சியை வெட்டி எறிந்துவிட்டேன். இந்தப் பருவத்துக்கு 0.495 அங்குல அச்சு ஒன்று வந்திருக்கிறது. அதோடு மெல்லிய துணி எப்படிப் பொருந்துகிறது என்று பனி விழுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.