தருமபுரியில் ‘ஐடி’யாக கேம் வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

தருமபுரி நான்கு ரோட்டுக்குச் சற்றுத் தள்ளி, கைப்பேசிப் பழுது பார்ப்பதோடு, டிவியில் இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் கருவிக்கான கேம்களும் விற்கும் ஒரு கடையில், கடந்த பொங்கல் விடுமுறையின்போது ஒரு கேமை ‘ஐடி’யாக, அதாவது டிஸ்க்குக்குப் பதிலாக அந்த கேம் உள்ள வேறொருவர் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டுமாக வாங்கி, நான் 850 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே முறையில் விற்பவர்கள் இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் ஏராளமாக இருப்பதால், பெயரைவிட அந்த முறையைத் தெரிந்துகொள்வதே பயன்படும்.

நான் தேடிப் போனது, 2019 ஆகஸ்டில் வெளிவந்த ‘மேன் ஆஃப் மெடான்’ என்ற திகில் விளையாட்டு. கடலில் மூழ்கிய பழைய போர் விமானத்தைப் பார்க்கச் செல்லும் நான்கு இளைஞர்களும் அவர்களுடைய படகின் கேப்டனான பெண்ணும் ஒரு பேய்க் கப்பலில் சிக்கிக்கொள்கிறார்கள். நாம் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்து ஐவரும் பிழைக்கலாம், ஐவரும் சாகலாம். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒரே கண்ட்ரோலரைக் கைமாற்றி ஐந்து பேர் வரை ஆடும் வசதி இதில் உண்டு. வீட்டுக்கு வந்திருந்த அத்தை பிள்ளைகளோடு சேர்ந்து ஆடவே இதை வாங்க நினைத்தேன்.

டிஸ்க் இல்லை என்றார் கடைக்காரர். “டிஸ்க் எதுக்குத் தம்பி, ‘ஐடி’யா வாங்கிக்கோங்க, லைஃப் டைம் வரும்” என்று சொல்லி, 700 ரூபாய்க்கு ஒரு கணக்கின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதே கதையை வேறு பாத்திரங்களின் பார்வையில் காட்டும் ‘கியூரேட்டர்ஸ் கட்’ பகுதிக்குத் தனியாக 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். முன்பதிவு செய்தவர்களுக்கு முதலிலும் பின்னர் மற்றவர்களுக்கும் அது இலவசமாகவே தரப்பட்டது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

ஒரு கணக்கை ஒரு நேரத்தில் ஒரேயொரு பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கருவியில் மட்டுமே ‘பிரைமரி’யாக, அதாவது முதன்மைக் கருவியாகப் பதிவு செய்ய முடியும். அப்படிப் பதிவான கருவியில் இணையம் இல்லாமலும் கேம் ஓடும்; நம்முடைய சொந்தக் கணக்கிலிருந்தும் அதை ஆடலாம். ‘செகண்டரி’ என்றால் இணையம் எப்போதும் வேண்டும். அதே கணக்கை வேறொருவர் திறந்தால் நாம் வெளியேற்றப்படுவோம். எனக்குப் பிரைமரி விலையை வாங்கிக்கொண்டு செகண்டரியைக் கொடுத்திருந்தார்கள். முதல் நாளே இணையம் துண்டித்தபோது கேமின் மேல் பூட்டுச் சின்னம் தோன்றியது. அதை நெட் கோளாறு என்று எண்ணி விட்டுவிட்டேன்; அந்த இடத்திலேயே விழித்திருக்க வேண்டும்.

மறுநாள் இரவு, கப்பலுக்குள் இரண்டு மணி நேரம் ஆடி, என் அத்தை மகள் மிகுந்த யோசனையோடு ஜூலியா என்ற பாத்திரத்தை ஒரு ஆபத்திலிருந்து காப்பாற்றிய சமயத்தில், கேம் தானாக மூடிக்கொண்டது. கடைக்காரரை அழைத்தேன். கருவியில் அந்தக் கணக்குக்கு உள்ள யூசரை அழித்துவிட்டு மறுபடி உள்நுழையச் சொன்னார், நானும் அப்படியே செய்தேன். யூசரை அழித்தால் அதுவரை ஆடியதன் சேமிப்புகளும் அழியும் என்று அவர் சொல்லவில்லை. மீண்டும் நுழைய முயன்றபோது பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. சாதாரண சண்டை விளையாட்டாக இருந்தால் விட்ட இடத்தை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். இதிலோ ஐந்து பேர் கூடி, வாதாடி எடுத்த முடிவுகள்தான் சேமிப்பில் இருந்தன.

இந்த விளையாட்டின் கதைக்கு அடிப்படை, ‘ஊராங் மெடான்’ என்ற கப்பலில் மாலுமிகள் எல்லோரும் இறந்து கிடந்ததாக 1940களிலிருந்து சொல்லப்பட்டுவரும் செய்தி. அப்படியொரு கப்பல், கப்பல்களின் விவரங்களைப் பதியும் லாயிட்ஸ் பதிவேட்டில் இல்லை என்பார்கள். எனக்கு விற்கப்பட்ட கணக்கின் உரிமையாளரும் அந்தக் கப்பலைப் போலத்தான்.

நேரில் போனபோது, வாரண்டி ஏழு நாள்தான் என்றார். வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது என்றதும், “நீங்கதான் பாஸ்வேர்டை மாத்தியிருப்பீங்க” என்றார். பில் கேட்டபோது கொடுக்கவில்லை; யூபிஐ ரசீது மட்டுமே கையில் இருக்கிறது. அதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கணக்கைக் கைமாற்றுவது பிளேஸ்டேஷன் விதிகளுக்கே எதிரானது என்பதால் என் பக்கமும் முழுச் சுத்தமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லாமல் ‘லைஃப் டைம்’ என்று விற்றவர் அவர்.

எப்படியும் ஐடிதான் வாங்குவேன் என்பவர்கள், பணம் கொடுக்கும் முன் அமைப்புகளில் கணக்கு மேலாண்மைக்குள் சென்று உங்கள் கருவி பிரைமரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தைத் துண்டித்து, உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கேமைத் திறந்து பாருங்கள். பிரைமரியாக இருந்தாலும் விற்றவர் பின்னாளில் அதை நீக்கிவிட வழி உண்டு. பழைய டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை, ஆடி முடித்தபின் விற்கவும் செய்யலாம். நான் பெங்களூரிலிருந்து வந்த நண்பர் மூலம் ஒரு பழைய டிஸ்க்கை வாங்கிவிட்டேன். ஆனால் அத்தை பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கடைக்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே கேம், அதே ‘லைஃப் டைம்’ என்ற வாசகத்தோடு நேற்றும் இருந்தது. விலை மட்டும் 750 ஆகியிருக்கிறது.